வாக்கிங்கில் 'டமார்' சத்தம் கேட்டாலே நடுங்குதா உங்கள் நாய்? பயம் போக்கும் எளிய பயிற்சிகள்!

லீஷைக் கையில் எடுத்தாலே வாலை ஆட்டிக்கொண்டு கேட்டுக்கு ஓடும் நாய், ஒருநாள் திடீரென வாசல்படியிலேயே உட்கார்ந்துவிடும். இழுத்தாலும் வராது. பிஸ்கட் காட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். யோசித்துப் பார்த்தால், முந்தின நாள் தெருமுனையில் சைலன்ஸர் மாற்றிய புல்லட் ஒன்று 'படபட'வென்று கடந்து போயிருக்கும். அல்லது யாரோ கடை ஷட்டரை 'தடார்' என்று இறக்கியிருப்பார்கள். நமக்கு அது அப்போதே மறந்துபோயிருக்கும். நாய்க்கு மறக்காது.

"சரியான பயந்தாங்கொள்ளி. நாலு நாள் இழுத்துட்டுப் போனா தானா பழகிடும்" என்று வீட்டில் சொல்வார்கள். பெரும்பாலும் அப்படிப் பழகுவதில்லை. பயம் ஒரு சத்தத்திலிருந்து இன்னொரு சத்தத்துக்குத் தாவும். இன்றைக்கு புல்லட், அடுத்த வாரம் ஆட்டோ, அதற்கடுத்து அந்தத் தெருவே ஆகாது. இதில் பெரிய ஆபத்து, நாய் பதறிப்போய் லீஷை உருவிக்கொண்டு ரோட்டுக்குள் ஓடுவதுதான். அந்தப் பதற்றத்தில் எதிரே வரும் வண்டி அதன் கண்ணுக்குத் தெரியாது; நீங்கள் கூப்பிடுவதும் காதில் ஏறாது. தீபாவளி சமயத்தில் ஏரியா வாட்ஸ்அப் குரூப்களில் வரும் 'எங்க நாயைக் காணோம்' போட்டோக்களுக்குப் பின்னால் இருப்பது இதுதான்.

நம்ம ஊர்த் தெருவில் சத்தமே இல்லாமல் செய்வது நடக்காத காரியம். ஆனால், ஒரு சத்தம் கேட்ட அடுத்த நொடி உங்கள் நாய்க்கு என்ன கிடைக்கிறது என்பது முழுக்க உங்கள் கையில் இருக்கிறது. பயத்தைப் போக்கும் பயிற்சிகள் எல்லாமே இந்த ஒரு விஷயத்தில்தான் நிற்கின்றன.

ஏன் இவ்வளவு பயம்?

மனிதக் காதுகளுக்கு சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிதான் கேட்கும். நாய்க்குச் சுமார் 45,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். பிரேக் கிறீச்சிடுவது, கிரைண்டரில் இரும்பு வெட்டுவது போன்ற சத்தங்களில் நமக்குக் கேட்காத பகுதியும் அதற்குக் கேட்கிறது. தவிர, தெருச் சத்தத்தில் மூன்று சிக்கல்கள் சேர்ந்து வருகின்றன: எப்போது வரும் என்று தெரியாது, எங்கிருந்து வருகிறது என்று தெரியாது, லீஷில் கட்டியிருப்பதால் ஓடவும் முடியாது.

எல்லா நாய்களும் ஒரே மாதிரி பயப்படுவதில்லை. பரம்பரை ஒரு காரணம். குட்டியாக இருந்தபோது, முக்கியமாக 3 முதல் 14 வாரங்களுக்குள், பலவிதச் சத்தங்களைக் கேட்டு வளராதது இன்னொரு காரணம். ஒரே ஒரு மோசமான அனுபவம்கூடப் போதும். டீக்கடை பக்கத்தில் லாரி டயர் வெடித்திருந்தால், டயர் சத்தத்தோடு சேர்த்து அந்த டீக்கடையையும் நாயின் மூளை 'ஆபத்து' லிஸ்ட்டில் எழுதிக்கொள்ளும். அப்புறம் டீக்கடை அமைதியாக இருந்தாலும் அந்தப் பக்கம் வராது. இதை நாம் 'அடம்' என்கிறோம்.

பயத்தை முன்கூட்டியே கண்டுபிடிப்பது எப்படி?

வாலைக் காலுக்குள் சுருட்டிக்கொண்டு நடுங்கினால் யாருக்கும் புரியும். அதற்கு முன்பே நாய் சின்னச் சின்னதாக நிறைய சொல்லியிருக்கும்.

ஆரம்ப அறிகுறிகள்: தூக்கம் வராமலே கொட்டாவி விடுவது, அடிக்கடி உதட்டை நக்குவது, காதுகளைப் பின்னால் மடக்குவது, ஒரு முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நிற்பது, மோப்பம் பிடிப்பதை நிறுத்திவிட்டுச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பது.

பயம் ஏறும்போது: உடம்பைத் தாழ்த்தி நடப்பது, வெயில் இல்லாதபோதும் மூச்சிரைப்பது, கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்ப்பது, பிடித்த தின்பண்டத்தைக்கூட வாங்க மறுப்பது.

உச்சத்தில்: அப்படியே உறைந்து நிற்பது, சிறுநீர் போய்விடுவது, வீட்டுப் பக்கம் வெறித்தனமாக இழுப்பது.

ஒரு சுலபமான டெஸ்ட் இருக்கிறது. வீட்டில் பாய்ந்து வந்து சாப்பிடும் சிக்கன் துண்டைத் தெருவில் கொடுத்துப் பாருங்கள். சாப்பிட்டால், பயிற்சிக்கு அது தயார். முகத்தைத் திருப்பினால், அந்த இடம் அதற்கு ரொம்ப அதிகம். அப்போது பயிற்சியெல்லாம் வேண்டாம், அங்கிருந்து கிளம்புவது மட்டும்தான் வேலை.

இதையெல்லாம் செய்யாதீங்க

தரதரவென இழுப்பது: பயத்தோடு கழுத்து வலியும் சேரும். வெளியே போனாலே வலிக்கும் என்று அது புரிந்துகொள்ளும்.

திட்டுவது, அடிப்பது: சத்தம் வந்ததும் நீங்களும் கத்தினால், 'பயந்தது சரிதான்' என்று நாய் முடிவு செய்துவிடும்.

'பழகட்டும்' என்று கூட்டத்துக்குள் கொண்டுபோவது: பஸ் ஸ்டாண்டிலோ திருவிழாவிலோ அரை மணி நேரம் நிறுத்திவைத்தால் நாய் ஒருகட்டத்தில் அசையாமல் இருக்கும். அதைப் பார்த்து பழகிவிட்டது என்று நினைக்கிறோம். தப்பிக்க வழியில்லை என்று தெரிந்து அடங்கிப்போனாலும் நாய் அப்படித்தான் இருக்கும்.

ரீல்ஸ் எடுப்பது: நடுங்குவது கேமராவில் க்யூட்டாகத் தெரியலாம். போனை உள்ளே வைத்துவிட்டு உதவுங்கள்.

'பயப்படும்போது கொஞ்சினால் பயம் இன்னும் ஜாஸ்தியாகிடும்' என்று ஒரு நம்பிக்கையும் உண்டு. அது உண்மையில்லை. பயம் ஓர் உணர்வு. இடிக்குப் பயந்த குழந்தையை அணைத்துக்கொண்டால் அது அடுத்த இடிக்கு வேண்டுமென்றே பயப்படாது, இல்லையா? நாயும் அப்படித்தான். உங்கள் மேல் வந்து ஒட்டிக்கொண்டால் மெதுவாகத் தடவிக்கொடுங்கள். தூரமாகப் போய் நிற்க விரும்பினால் விட்டுவிடுங்கள். நீங்கள் பதறாமல் இருந்தால் போதும்.

சத்தம் கேட்ட அந்த நொடியில் என்ன பண்ணலாம்?

இடுப்பில் ஒரு சின்னப் பை மாட்டிக்கொள்ளுங்கள். உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்த சிக்கன் அல்லது ஈரல், அவித்த முட்டை, சைவ வீடு என்றால் கொஞ்சம் பன்னீர் போன்றவற்றைச் சுண்டுவிரல் நகம் அளவுக்கு வெட்டிப் போட்டுக்கொள்ளுங்கள். தினமும் கிடைக்கும் பிஸ்கட் இந்த வேலைக்கு ஆகாது. வாக்கிங்கில் மட்டுமே கிடைக்கும் 'ஸ்பெஷல்' ஐட்டமாக இருக்க வேண்டும். திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட், வெங்காயம் சேர்ந்த எதுவும் கூடாது. அவை நாய்க்கு விஷம்.

1. சத்தம் கேட்டதும் லீஷை இறுக்காதீர்கள். பிடியை விடாமல், கொஞ்சம் தளர்வாக வைத்துக்கொள்ளுங்கள்.

2. எப்போதும் ஒரே வார்த்தையைச் சந்தோஷமான குரலில் சொல்லுங்கள். 'சூப்பர்டா!', 'ஆஹா!' எதுவாக இருந்தாலும் சரி.

3. உடனே நாலைந்து துண்டுகளைத் தரையில் தூவிவிடுங்கள். குனிந்து மோந்து தேடிச் சாப்பிடுவது பல நாய்களுக்குப் பதற்றத்தைக் குறைக்கும்.

4. சாப்பிட்டு முடித்ததும், சத்தம் வந்த திசைக்கு எதிர்ப்பக்கம் நிதானமாக நடங்கள். நிறுத்தியிருக்கும் கார், காம்பவுண்டு சுவர் என்று ஏதாவது மறைப்பு கிடைத்தால் அங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள்.

5. சாப்பிடவே இல்லையென்றால் வீடு திரும்புங்கள். 'இன்னும் ரெண்டு தெரு பாக்கி இருக்கே' என்ற கணக்கெல்லாம் வேண்டாம்.

இதில் வரிசை ரொம்ப முக்கியம். முதலில் சத்தம், அப்புறம்தான் தின்பண்டம். தூரத்தில் தண்ணி லாரி வருவதைப் பார்த்ததும் முன்கூட்டியே சிக்கனை எடுத்து நீட்டினால், சிக்கன் வந்தாலே ஏதோ நடக்கப்போகிறது என்று நாய் அதையும் சந்தேகப்பட ஆரம்பித்துவிடும். அதேபோல், பயந்தாலும் பயப்படாவிட்டாலும் சத்தம் வந்தால் தின்பண்டம் உண்டு. நல்லபடியாக நடந்துகொண்டதற்குப் பரிசு என்று இதை நினைக்காதீர்கள். 'டமார் என்றால் சிக்கன்' என்ற கணக்கை அதன் மூளையில் எழுதுகிறோம், அவ்வளவுதான்.

இது நிஜமாகவே வேலை செய்யுமா? சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர் ஸ்டெஃபனி ரீமர், பட்டாசு பயம் பற்றி 1,225 நாய் உரிமையாளர்களிடம் கேட்டு 2020-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். சத்தம் வரும்போதெல்லாம் தின்பண்டமோ விளையாட்டோ கொடுத்தவர்களில் 70 சதவிகிதம் பேர், அது பலன் தந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஆய்வில் கேட்கப்பட்ட முறைகளில் முன்வரிசையில் இருந்தது இந்த எளிய முறைதான்.

காலரா, ஹார்னஸா?

பயப்படும் நாய்க்குக் கழுத்து காலர் மட்டும் போதாது. பின்னோக்கி இழுத்தால் தலை வழியே உருவிக்கொண்டு வந்துவிடும். சிப்பிப்பாறை, கன்னி வளர்ப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். இந்த வேட்டை நாய்களுக்குத் தலை ஒடுக்கம் என்பதால் சாதாரண காலர் சுலபமாகக் கழன்றுவிடும். இழுத்தால் அளவாக இறுகும் மார்ட்டிங்கேல் காலர் இவற்றுக்குப் பொருந்தும்.

நெஞ்சுப் பக்கம் 'ஒய்' வடிவில் வரும் ஹார்னஸ் நல்லது. ஹார்னஸில் ஒரு லீஷ், காலரில் ஒரு லீஷ் என இரண்டும் மாட்டினால், ஒன்று கழன்றாலும் இன்னொன்று பிடித்துக்கொள்ளும். பட்டனை அழுத்தினால் சுருங்கும் லீஷ் வேண்டவே வேண்டாம். கை நழுவினால் அந்த பிளாஸ்டிக் கைப்பிடி 'கடகட'வென்று நாய்க்குப் பின்னாலேயே உருண்டு துரத்தும். சத்தத்துக்குப் பயந்த நாய்க்கு அதைவிடக் கொடுமை இல்லை. இரும்புச் செயினும் கனம், சத்தமும்கூட. 2 மீட்டர் நைலான் அல்லது காட்டன் லீஷ் போதும். அதை விரல்களில் சுற்றிக்கொள்ளாதீர்கள், நாய் பாய்ந்தால் விரல் போய்விடும்.

காலரில் உங்கள் போன் நம்பர் பொறித்த டேக் கட்டாயம். மைக்ரோசிப் போட்டுவிட்டால் இன்னும் நிம்மதி.

வீட்டில் ஆரம்பிங்க

தெருவுக்குப் போகும் முன் வீட்டிலேயே ஒத்திகை பார்க்கலாம். உங்கள் தெருவின் சத்தங்களையே போனில் பதிவு செய்யுங்கள்: பஸ் ஹாரன், புல்லட், பழைய இரும்பு வாங்குபவரின் ஸ்பீக்கர், கான்கிரீட் கலவை மிஷின். நாய் வயிறு முட்டச் சாப்பிடாத நேரமாகப் பார்த்து, காது லேசாக அசையும் அளவுக்கு மட்டும் சத்தத்தை வையுங்கள். ஒலித்ததும் ஒரு துண்டு, நின்றதும் தின்பண்டமும் நின்றுவிட வேண்டும். ஒரு தடவைக்கு 5 நிமிடம் போதும்.

இரண்டு மூன்று நாள் நாய் சாதாரணமாக இருந்தால் வால்யூமை ஒரு புள்ளி ஏற்றுங்கள். கொட்டாவி, நக்கல், மூச்சிரைப்பு என ஏதாவது தெரிந்தால் இரண்டு புள்ளி இறக்குங்கள். போன் ஸ்பீக்கரில் புல்லட்டின் அடித்தொனி சரியாக வராது என்பதால், போகப்போக புளூடூத் ஸ்பீக்கருக்கு மாறுங்கள். அதையும் ஒரே மூலையில் வைக்காமல் ஹால், பால்கனி என்று இடம் மாற்றுங்கள்.

இந்தப் பயிற்சியோடு நின்றுவிட வேண்டாம். ரீமரின் ஆய்வில் பதிவு செய்த சத்தத்தை வைத்துப் பழக்கியவர்களில் பாதிக்குச் சற்றுக் கூடுதலானவர்களே பலன் கண்டிருக்கிறார்கள். நிஜ சத்தத்தில் தரையும் அதிரும், புகை வாசனையும் வரும். ஸ்பீக்கரில் அதெல்லாம் இல்லை.

அப்புறம் தெருவுக்கு!

தெருப் பயிற்சியில் உங்கள் ஆயுதம் தூரம்தான். பஸ் ரூட்டில் போய் நிற்காதீர்கள். ஹாரன் லேசாகக் காதில் விழும் அளவுக்கு உள்ளே தள்ளி இருக்கும் தெருவாகத் தேர்ந்தெடுங்கள். அங்கே நின்றபடியோ திண்ணையில் உட்கார்ந்தபடியோ ஒவ்வொரு ஹாரனுக்கும் ஒரு துண்டு கொடுங்கள். 10 நிமிடத்தில் வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

சில நாள்களில் ஓர் அழகான மாற்றம் தெரியும். ஹாரன் கேட்டதும் நாய் பதறாமல், 'எங்கே என் சிக்கன்?' என்று உங்கள் முகத்தைப் பார்க்கும். பயிற்சி உள்ளே இறங்கிவிட்டதற்கு அதுதான் அடையாளம். அடுத்த நாள் பத்து அடி முன்னே போகலாம். அன்றைக்கு முடியவில்லையா, பழைய இடத்துக்கே திரும்பிவிடுங்கள். தூரம், நேரம், சத்தத்தின் அளவு ஆகிய மூன்றில் ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

போன் நோட்ஸில் தினமும் நாலு வரி எழுதிவையுங்கள்: என்ன சத்தம், எவ்வளவு தூரம், சாப்பிட்டதா, சகஜமாக எத்தனை நிமிடம் ஆனது. பயம் ஒரேயடியாகப் போகாது. ஆனால், முதல் வாரம் 20 நிமிடம் நடுங்கிய நாய் நான்காவது வாரம் 2 நிமிடத்தில் மோப்பம் பிடிக்க ஆரம்பித்தால், நீங்கள் சரியான பாதையில் போகிறீர்கள்.

ஒருநாள் ரொம்பப் பயந்துவிட்டால், அடுத்த ஓரிரு நாள்களுக்கு வாக்கிங்கைச் சுருக்கிவிடுங்கள். உடல் பழைய நிலைக்குத் திரும்ப நேரம் பிடிக்கும். அதற்குள் இன்னொரு சத்தம், இன்னொன்று என்று அடுக்கிக்கொண்டே போனால், வழக்கமாகக் கண்டுகொள்ளாத குக்கர் விசிலுக்குக்கூடத் துள்ளும். அந்த நாள்களில் பழைய டவலைச் சுருட்டி உள்ளே தின்பண்டம் ஒளித்துத் தேடவிடலாம். மொட்டைமாடியில் விளையாடலாம். ஒருநாள் தெருவுக்குப் போகாவிட்டால் நாய்க்கு ஒன்றும் ஆகிவிடாது.

நம்ம ஊர் காலண்டர் பார்த்து வாக்கிங்

பொதுவாக விடிகாலை அமைதியாக இருக்கும். ஆனால், மார்கழியில் கோயில் ஸ்பீக்கர்கள் 5 மணிக்கு முன்பே பாட ஆரம்பித்துவிடும். ஆடியில் தெருவுக்குத் தெரு மைக் செட், விநாயகர் சதுர்த்தியில் ஊர்வலம், சி.எஸ்.கே ஜெயித்தால் நள்ளிரவில் சரவெடி, தேர்தல் முடிவு நாளில் பகலெல்லாம் வேட்டு. இறுதி ஊர்வலமும் வெடியும் சொல்லிவிட்டு வருவதில்லை. தப்பட்டைச் சத்தம் தூரத்தில் கேட்டதுமே அடுத்த சந்தில் திரும்பிவிடுங்கள்.

மதியம் தெரு அமைதியாக இருக்கிறதே என்று அப்போது கிளம்பாதீர்கள். புறங்கையைத் தார் ரோட்டில் 7 விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் முடியாவிட்டால் அதன் பாதத்தாலும் முடியாது.

தீபாவளிக்குத் தயாராவதென்றால் ஆகஸ்டிலேயே வீட்டுப் பயிற்சியை ஆரம்பிக்க வேண்டும். தமிழகத்தில் 2018 முதல் தீபாவளியன்று காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 எனப் பட்டாசுக்கு நேரம் ஒதுக்கப்பட்டு வருகிறது. அந்த நேரத்தை மட்டும் நம்பி மற்ற நேரத்தில் வெளியே கூட்டிப்போகாதீர்கள். விடியும் முன் ஒரு நடை, மாலை வெளிச்சம் இருக்கும்போதே இன்னொரு குட்டி நடை, அவ்வளவு போதும். இரவில் உள் அறையில் ஜன்னலைச் சாத்தி, ஃபேன், டி.வி-யை ஓடவிடுங்கள். கட்டிலுக்கு அடியிலோ பாத்ரூமிலோ ஒளிந்துகொண்டால் வெளியே இழுக்காதீர்கள். அதற்குப் பாதுகாப்பான இடம் அதுதான். மாடியில் தனியாகக் கட்டிப்போடுவதுதான் இருப்பதிலேயே மோசமான ஐடியா.

டாக்டரிடம் எப்போது போகணும்?

இத்தனை வருஷம் ஹாரனைக் கண்டுகொள்ளாத நாய், 5 அல்லது 6 வயதில் திடீரெனப் பயப்பட ஆரம்பித்தால் முதலில் வலி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சத்தத்துக்குத் துள்ளும்போது மூட்டிலோ முதுகிலோ வலித்தால், அந்த வலியைச் சத்தத்தோடு நாய் முடிச்சுப்போட்டுவிடும். பிரிட்டன், பிரேசில் ஆய்வாளர்கள் 2018-ல் 20 நாய்களை வைத்து வெளியிட்ட ஆய்வும் இந்தத் தொடர்பைத்தான் சுட்டிக்காட்டியது. வலி உள்ள நாய்களுக்குச் சத்த பயம் வயது கூடிய பிறகே வந்திருந்தது. வலி இருந்தால், அதற்குச் சிகிச்சை தராமல் எவ்வளவு சிக்கன் கொடுத்தாலும் பயிற்சி பாதியில் நிற்கும்.

வெளியே வரவே மறுப்பது, தன்னையே கடித்துக் காயப்படுத்திக்கொள்வது, கதவைப் பிறாண்டி நகம் உடைவது, பயத்தில் ஆட்களைக் கடிக்க வருவது போன்றவை இருந்தாலும் தள்ளிப்போட வேண்டாம். சத்த பயத்துக்கென்றே கால்நடை மருத்துவத்தில் மருந்துகள் உண்டு. ஆனால், நீங்களாக மெடிக்கல் ஷாப்பில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுப்பது உயிருக்கே ஆபத்து. அசெப்ரோமசின் போன்ற சில மயக்க மருந்துகள் உடம்பை அசையவிடாமல் செய்யுமே தவிர, பயத்தைக் குறைக்காது. பார்க்க அமைதியாக இருக்கும் நாய், உள்ளுக்குள் எல்லாவற்றையும் கேட்டுப் பயந்துகொண்டிருக்கும். மருந்து எழுதும்போது இதைப் பற்றி டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்.

தனியார் கிளினிக் கட்டுப்படியாகாதவர்களுக்கு அரசு கால்நடை மருத்துவமனைகள் இருக்கின்றன. சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளிலும் சிகிச்சைப் பிரிவுகள் உண்டு. நாய் பயப்படும்போது எடுத்த 30 விநாடி வீடியோவையும் உங்கள் நோட்ஸையும் காட்டினால் டாக்டருக்கு வேலை சுலபம். அந்த வீடியோவை மட்டும் எடுக்கலாம், தப்பில்லை.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எவ்வளவு நாளில் சரியாகும்?
லேசான பயம் சில வாரங்களில் குறையலாம். பல வருடப் பயம் என்றால் மாதக்கணக்கில் ஆகும். அவசரப்படுத்தினால் நாள்கள் கூடுமே தவிரக் குறையாது.

காதில் பஞ்சு வைக்கலாமா?
வேண்டாம். உள்ளே நழுவிப்போனால் எடுப்பது கஷ்டம். பல நாய்கள் காதைத் தொடுவதற்கே பயப்படும்.

தைரியமான இன்னொரு நாயோடு கூட்டிப்போனால்?
சில நாய்களுக்கு நிஜமாகவே உதவும். கூட வரும் நாய் அமைதியானதாக, ஏற்கெனவே பழக்கமானதாக இருக்க வேண்டும். இதற்காகவே இன்னொரு நாய் வாங்கினால், இரண்டும் சேர்ந்து பயப்படவும் வாய்ப்பிருக்கிறது.

குட்டிக்கு இப்போதே பழக்கலாமா?
கட்டாயம். தடுப்பூசி முழுசாக முடியாத குட்டியைத் தரையில் விடாமல் கையில் தூக்கிக்கொண்டு வாசலில் நில்லுங்கள். ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் ஒரு துளி தின்பண்டம். பின்னாளில் வரும் பாதிப் பிரச்னை இங்கேயே தவிர்க்கப்படலாம்.

வீட்டில் மற்றவர்கள் இழுத்துக்கொண்டு போகிறார்களே?
இந்தக் கட்டுரையை ஃபேமிலி குரூப்பில் போடுங்கள். நீங்கள் ஒரு மாதம் கட்டியதை, ஒரே ஒரு நாள் தரதரவென இழுப்பது கலைத்துவிடும். ஒத்துக்கொள்ளாதவர்கள் கையில் தற்காலிகமாக லீஷைக் கொடுக்காதீர்கள்.

எல்லா நாயும் கடைசியில் சரவெடிக்கு நடுவே கம்பீரமாக நடக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சில நாய்கள் கடைசி வரை கூட்டமான தெருவை விரும்பாது. அமைதியான இரண்டு தெருக்கள், நிதானமாக மோப்பம் பிடிக்க 20 நிமிடம், எங்கேயாவது 'டமார்' என்றால் உங்கள் முகத்தைப் பார்க்கும் நம்பிக்கை என இவ்வளவு கிடைத்தாலே அது நிம்மதியாக வாழும். நாளைக் காலை வாக்கிங்குக்கு இன்று இரவே கொஞ்சம் சிக்கன் வேகவைத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள்.